வெர்னா வாங்கிய துப்பாக்கி

வெர்னா ஹோல்ட்காம்ப் துப்பாக்கி வாங்கப் போகிறாள் என்று ஊருக்குள் தெரிந்தபோது, எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. எந்தத் துப்பாக்கி என்று மட்டும்தான் கேட்டார்கள். மிசௌரி ஆற்றுக்குத் தெற்கே இந்த மேடு பள்ளங்களில் குடியிருக்கும் எங்கள் ஆட்கள் அப்படித்தான். பெண்டாட்டி ஓடிப்போனவனிடம்கூட, அவள் எந்த வண்டியில் போனாள், அது எத்தனை மைல் கொடுக்கும் என்றுதான் விசாரிப்பார்கள். மனசுக்குள் இருப்பதைத் தொட்டுக் கேட்பது மரியாதைக் குறைவு என்று ஒரு நினைப்பு.

அறுபதைத் தாண்டியவள் வெர்னா. முதியோர் விடுதியில் துணி வெளுக்கும் வேலை. புருஷன் ஆர்வல் நுரையீரல் கெட்டு இறந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை சுடும் சங்கத்துக்குப் போவதை மட்டும் அவள் விடவில்லை. குழிக்குள் ஒரு விசை இருக்கும். “விடு” என்று குரல் கொடுத்தால் சாஸர் அளவு மண் தட்டு ஒன்றை அது வானத்தில் வீசும். அது புல்லில் விழுவதற்குள் சுட்டு உடைக்க வேண்டும். கேட்க விளையாட்டுப் பிள்ளைத்தனமாகத்தான் இருக்கிறது. ஆனால் வாரம் முழுக்க அடுத்தவர் படுக்கைத் துணியை அலசுகிறவளுக்கு, ஒரு தட்டு பொடியாகிக் காற்றில் கலைவதைப் பார்ப்பதில் இருக்கும் நிம்மதியை நாம் குறை சொல்லக்கூடாது. குளிர்காலத்தில் சங்கத்தில் கறிப்போட்டி நடக்கும். ஜெயிப்பவருக்குக் கோப்பை கிடையாது. உப்புப் போட்டுப் புகையில் வாட்டிய பன்றித்தொடை. வெர்னா வீட்டுக் குளிர்பெட்டியில் அது தீர்ந்ததே இல்லை.

அவள் சுட்டதெல்லாம் ஆர்வலின் பழைய துப்பாக்கியில். போன வசந்தத்தில் அது அலமாரியிலிருந்து காணாமல் போனது. கூடவே மரம் அறுக்கும் இயந்திரமும், அவள் அம்மாவின் வெள்ளிக் கரண்டிகளும். பூட்டு உடையவில்லை. எந்தத் திருடன் பூந்தொட்டிக்கு அடியில் சாவி இருப்பதைக் கண்டுபிடித்தான் என்று ஷெரீஃப் ஆபீசிலிருந்து வந்த பையன்கூடக் கேட்கவில்லை. பொருள்களின் பெயரைக் குறித்துக்கொண்டு, காபி குடித்துவிட்டு, ஆர்வலை நல்ல மனுஷன் என்று சொல்லிவிட்டுப் போனான். இரண்டாவது முறை, சாவியை அவள் உள்ளே எடுத்து வைத்திருந்ததால், பின்கதவு உடைந்தது. அப்போது தரையில் சேறு அப்பியிருந்த பூட்ஸ் தடங்கள் இரண்டு ஜோடி.

ஒரு ஜோடி யாருடையது என்று வெர்னாவுக்குத் தெரியும். அவள் மகன் கர்ட். கூரை போடுகிற வேலையில் இருந்தவன், முதுகில் அடிபட்டு வலி மாத்திரையில் தொடங்கி, இப்போது கொட்டகைகளில் காய்ச்சும் அந்தப் போதைப் பொடிக்கு வந்து சேர்ந்திருந்தான். இது ஊருக்கே தெரியும். ஆனாலும் சங்கத்தில் பேச்சு வரும்போதெல்லாம் ‘திருடன்’ என்றே சொன்னார்கள்; செயின்ட் லூயிஸிலிருந்து யாரோ முகம் தெரியாதவன் நெடுஞ்சாலை பிடித்து இவள் கரண்டிக்காகவே வந்துவிட்டுப் போவது போல. அவர்களும் பூசி மெழுகினார்கள், இவளும் மெழுகினாள். துப்பாக்கி கர்ட்டுக்காக இல்லை, கர்ட்டோடு சுற்றுகிற அந்த இன்னொரு ஜோடி பூட்ஸுக்காக என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

துப்பாக்கி விற்பவர் வெண்டெல் ஷ்ராடர். தன் வீட்டுப் பின்னறையிலேயே லைசென்ஸ் வைத்து வியாபாரம். ஆர்வலோடு பள்ளியில் படித்தவர். சங்கத்தில் தட்டு எண்ணி மார்க் போடுகிறவரும் அவர்தான். வெர்னா வந்து, ஞாயிற்றுக்கிழமை தட்டு சுடவும் வேண்டும், மற்ற நாளில் வீட்டுக்குக் காவலாகவும் வேண்டும், இரண்டு வாங்க வழியில்லை என்றதும், மனிதர் உற்சாகமாகிவிட்டார். இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர் போல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஒரே துப்பாக்கியிடம் இரண்டு வேலை கேட்பது எவ்வளவு தொல்லை என்பதில் தொடங்கினார். தட்டுக்கு நீளக் குழல் வேண்டும்; வீசிப் பிடிக்கும்போது தடுமாறாமல் ஓடும். வீட்டுக்குள் அதே நீளம் கதவு நிலையில் இடிக்கும். தட்டு மேலே ஏறிக்கொண்டே போகும், அதனால் தட்டுத் துப்பாக்கி குறியைவிடக் கொஞ்சம் உயரத்தில் அடிக்கும்; மனிதன் அப்படி ஏறுவதில்லை. தட்டுக்குப் பொடி ஈய ரவை, வீட்டுக்குப் பெரிய ரவை. ஆர்வலுடையது போல மேலும் கீழுமாக இரண்டு குழல் வைத்தது அழகு. ஆனால் இரண்டு வெடியோடு தீர்ந்தது, விலையும் தலை சுற்றும். தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்வது தோளுக்கு இதம். ஆனால் துடைத்துத் துடைத்து வைக்காவிட்டால் சரியான நேரத்தில் சண்டித்தனம் பண்ணும். கடைசியில் அவர் எடுத்து மடியில் வைத்தது ஒரு பம்ப் துப்பாக்கி. முன்பிடியைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளினால் தோட்டா ஏறும். குழலைக் கழற்றி மாற்றலாம். நீளம் ஒன்று, குட்டை ஒன்று, இரண்டும் சேர்த்தே தருவதாகச் சொன்னார்.

அதன் பிறகு, எங்கள் ஊரில் இந்த இடத்தில் எல்லோரும் சொல்லும் அதே வார்த்தையைச் சொன்னார்.

“நீ சுடவே வேண்டியதில்ல, வெர்னா. தோட்டா வெடிக்கிற அறையைக் காலியா வை, தோட்டா எல்லாம் குழலுக்குக் கீழ இருக்குற குழாய்ல இருக்கட்டும். எவனாவது உள்ள வந்தா இதை ஒரு தடவை இழுத்துத் தள்ளு. அந்தச் சத்தம் கேட்டா உலகத்துல எவனும் நிக்க மாட்டான். வந்த வழியே ஓடிருவான்.”

இழுத்தும் காட்டினார். அந்தச் சின்ன அறையில் இரும்போடு இரும்பு உரசி எழுந்த சத்தம் சுவரில் மோதித் திரும்பியது. வெர்னாவுக்கு வாங்கவேண்டியது இந்தச் சத்தம்தான் என்று தோன்றிவிட்டது. யாரையும் சாகடிக்காமல் விரட்டிவிடக்கூடிய ஒன்று விலைக்குக் கிடைக்கிறது என்றால் எந்தத் தாய்தான் வாங்கமாட்டாள்?

ஆனாலும் உடனே வாங்கவில்லை. சங்கத்து வழக்கப்படி, துப்பாக்கி வாங்கப் போகிறவர் அன்றைக்கு வந்திருக்கும் எல்லோருடையதையும் வாங்கிச் சுட்டுப் பார்க்கலாம். கொடுக்க மறுப்பவன் கஞ்சன் என்று பெயர் எடுப்பான். அந்த ஞாயிறு ஆளாளுக்குத் தங்கள் துப்பாக்கியை நீட்டினார்கள். பெண் பார்க்க வந்தவர்களிடம் பெண் வீட்டார் பேசுவது போல ஒவ்வொருவரும் தன் துப்பாக்கியின் அருமை பெருமைகளை அடுக்கினார்கள். பன்னிரண்டு போர் என்கிற அகலக் குழல் இல்லாமல் வீட்டுக் காவலா என்று ஒருவர். இவள் தோளுக்கு அதைவிடச் சிறிய இருபதே தாங்காது, நீ பேசாமலிரு என்று இன்னொருவர். வெடிக்கிற அறையில் தோட்டா இருந்தே ஆகவேண்டும் என்று ஒரு கட்சி, கூடவே கூடாது என்று ஒரு கட்சி. திருடன் எந்தப் பக்கம் திரும்புவான், எத்தனை அடி தூரத்தில் நிற்பான், சுவரைத் துளைத்து ரவை எங்கே போகும் என்றெல்லாம் அலசினார்கள். திருடனுக்கு என்ன வயது, மூக்கு யார் ஜாடை என்பதை மட்டும் ஒருவரும் அலசவில்லை.

ஐலீன்தான் அதைத் தொட்டாள். சங்கத்துச் சமையலறையில் பீன்ஸ் கிளறுகிறவள், வெர்னாவுக்குச் சின்ன வயதுத் தோழி. கரண்டியும் கையுமாக வெளியே வந்து, மற்றவர்கள் காதில் விழாத இடத்துக்கு அவளைத் தள்ளிக்கொண்டு போனாள்.

“ஏண்டி, யாரை மனசுல வச்சு வாங்குற?”

“உள்ள வர்றவனை.”

“வர்றவன் உன்னை அம்மான்னு கூப்பிட்டா?”

வெர்னா துப்பாக்கியை எடுத்துக்கொண்டாள். அவள் முறை வந்திருந்தது. போய் நின்று ஐந்து தட்டையும் உடைத்தாள். அன்றைக்கும் பன்றித்தொடை அவளுக்குத்தான். ஐலீன் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருக்கவேண்டும். கேட்டது கேட்டாள், விடாப்பிடியாகக் கேட்டிருக்கலாம்.

மறுநாளே வெர்னா போய், வெண்டெல் காட்டிய அந்த இருபது போர் பம்ப் துப்பாக்கியை வாங்கினாள். ஞாயிறு காலை நீளக் குழல், ஞாயிறு மாலை குட்டைக் குழல் என்று மாற்றி மாற்றிப் பொருத்தக் கை பழகியது. நீளக் குழலைப் பழைய கம்பளியில் சுற்றி அலமாரியில் வைத்தாள். குட்டைக் குழலோடு துப்பாக்கி படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் நின்றது. வீட்டில் யாருமில்லாத நேரத்தில், அதாவது எப்போதுமே, நடைவழியில் நின்று வெறும் துப்பாக்கியை இழுத்துத் தள்ளிப் பார்ப்பாள். எதிரே ஓடுகிற ஒரு முதுகைத்தான் அவளால் கற்பனை பண்ண முடிந்தது. முகத்தைக் கற்பனை பண்ண அவள் முயற்சி செய்யவில்லை.

பிப்ரவரியில் காய்ச்சல் வந்து வேலைக்குப் போகாமல் படுத்திருந்தாள். வண்டி பழுதாகிப் பட்டறையில் நின்றது, ஆகவே வாசலில் வண்டி இல்லை. மதியம் தாண்டியிருக்கும், பின்கதவு முனகியது. எழுந்தாள். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு நடைவழியின் இந்த முனையில் நின்றாள். சமையலறையில் இழுப்பறைகளைத் திறந்து மூடும் ஓசை. ஒரே ஒரு ஜோடி கால். வெண்டெல் சொல்லிக்கொடுத்தபடியே முன்பிடியை இழுத்துத் தள்ளினாள். வீடே அதிர்ந்த மாதிரி இருந்தது.

சமையலறையில் ஓசை நின்றது. ஓடும் காலடிக்காகக் காத்திருந்தாள்.

“அம்மா? வேலைக்குப் போகலையா நீ?”

அவன் ஓடவில்லை. நடைவழியின் அந்த முனைக்கு வந்து நின்றான். அப்பாவும் அம்மாவும் ஞாயிறுதோறும் துப்பாக்கி துடைத்த வீட்டில் பிறந்த பிள்ளை. மற்ற பிள்ளைகள் பாத்திரச் சத்தம் கேட்டு வளர்ந்தார்கள் என்றால் இவன் இந்தச் சத்தம் கேட்டு வளர்ந்தவன். முகம் தெரியாத எவனுக்கோ அது சாவின் சத்தம். இவனுக்கு வீட்டில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். இது வெண்டெலுக்கும் தோன்றவில்லை, சங்கத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, வெர்னாவுக்குக்கூடத் தோன்றவில்லை.

அவன் நெருங்கி வந்தான். கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, பனிக்குத் தாங்காத மெல்லிய சட்டையோடு. குறி தப்பாதவள் என்று பெயர் வாங்கிய பெண்ணின் குழல் நுனி அந்த மெல்லிய சட்டைக்கு நேரே நின்றது. விரல் விசையின்மேல் இருந்தது. அவளுக்குப் பயம் இருந்தது, கோபம் இருந்தது. இரண்டையும்விட, இவன் சாப்பிட்டு எத்தனை நாள் ஆயிற்றோ என்ற எண்ணம் இருந்தது.

“கீழ போடும்மா. நீ சுட மாட்ட. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.”

அவன் குழலைப் பிடித்து மெதுவாக ஓரமாகத் தள்ளினான். அடிக்கவில்லை, பிடுங்கவில்லை. அவள் விரலை எடுத்தாள், கையை விட்டாள். அவன் பழக்கம் மறக்காமல் தோட்டாக்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து ஜன்னல் விளிம்பில் வரிசையாக நிறுத்தினான். அப்பா சொல்லிக்கொடுத்த ஒழுங்கு அது.

துப்பாக்கி சமையலறை மேஜையில் கிடக்க, அவள் சூப்பைச் சூடாக்கிக் கொடுத்தாள். அவன் கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தான். சிகிச்சைக்குப் போகலாம், ஐலீனின் தம்பி கூட்டிப்போவான் என்று அவள் சொல்லச் சொல்ல, சரி சரி என்றான். ஆனால் அதற்கு முன்னால் ஒருவனுக்குக் கணக்குத் தீர்க்க வேண்டும், இல்லாவிட்டால் காலை உடைப்பான் என்றான். கண் மேஜையிலேயே இருந்தது.

“இதை எடுத்துட்டுப் போறேம்மா.” எழுந்து வாயைத் துடைத்துக்கொண்டான். பிறகு, உப்பு இருக்கிறதா என்று கேட்பது போலச் சாதாரணமாகக் கேட்டான்: “இதுக்கு நீளக் குழலும் இருக்குமே, எங்க? ரெண்டும் சேர்ந்தா நல்லா போகும்.”

வெர்னா அலமாரிக்குப் போய், கம்பளியில் சுற்றிய நீளக் குழலைக் கொண்டுவந்து கொடுத்தாள். கம்பளியைக் குளிருக்கு வைத்துக்கொள் என்றும் சொன்னாள். ஏன் கொடுத்தாய் என்று கேட்பது சுலபம். காலை உடைப்பான் என்று ஒரு பிள்ளை சொன்னால், காலைத்தான் நினைக்கிறது பெற்ற மனசு. ஜன்னல் விளிம்பில் நின்ற தோட்டாக்களையும் அவன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டதைப் பார்த்தாள்.

புகார் கொடுத்தால் மகனுக்கு ஜெயில். ஆகவே வெர்னா மூடி மறைத்தாள். அடுத்த ஞாயிறு சங்கத்தில், தோள் வலி, துப்பாக்கியின் தோள்கட்டையை அறுத்துச் சின்னதாக்கக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லி, ஐலீனின் துப்பாக்கியில் சுட்டாள். இனி அவன் வரமாட்டான், கடன் தீர்ந்தது, சிகிச்சைக்குப் போவான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். வெண்டெல்கூட, கட்டை அறுக்க என்னிடம் கொடுக்காமல் எவனிடம் கொடுத்தாய் என்று கோபித்துக்கொண்டார். அந்த இடத்தில் அவள் வாயைத் திறந்திருந்தால் போதும். சிரித்து மழுப்பிவிட்டாள்.

மார்ச்சில் கடைசிக் கறிப்போட்டி. அன்றைக்கு ஊரில் துப்பாக்கி வைத்திருப்பவன் வீடெல்லாம் காலியாகத்தான் கிடக்கும். எல்லோரும் சங்கத்தில் இருப்பார்கள் என்று குழந்தைக்கும் தெரியும். கர்ட்டுக்குத் தெரியாதா? அவன் போனது வெண்டெல் வீட்டுப் பின்னறைக்கு. ஆனால் வெண்டெல் முதல் நாள் பனியில் வழுக்கி விழுந்து, இடுப்பில் அடிபட்டு வீட்டிலேயே படுத்திருந்தார். மார்க் போட வேறொருவர் போயிருந்தார். வெர்னா “விடு” என்று கூவி முதல் தட்டை உடைத்துக்கொண்டிருந்தபோது, ஆற்றுச் சாலையில் போலீஸ் வண்டியின் சங்கு கேட்டது. சங்கத்தில் எல்லோரும் ஒரு நிமிஷம் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி சுட ஆரம்பித்தார்கள்.

சமையலறைத் தொலைபேசியில் சேதி கேட்ட ஐலீன்தான் வந்து அவள் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கினாள். சொல்லவேண்டியதைச் சொன்னாள். வெர்னா அழவில்லை, இன்னும் ஒரு தட்டு பாக்கி இருக்கிறதே என்று மட்டும் சொன்னாளாம். ஐலீன் இன்றைக்கும் அதைச் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

கர்ட்டின் அடக்கத்துக்கு முதல் நாள் வெண்டெல், கோலை ஊன்றிக்கொண்டு வெர்னாவின் வாசலுக்கு வந்தார். வழக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். தன் வீட்டுக்குள் நுழைந்தவனைச் சுட்டவனை எங்கள் சட்டம் ஒன்றும் செய்வதில்லை. ஆனால் மனிதர் ஒரே வாரத்தில் கிழவராகியிருந்தார். உள்ளே வரமாட்டேன் என்று படியிலேயே நின்றார்.

“நான் இழுத்துத் தள்ளினேன், வெர்னா. சத்தம் கேட்டா ஓடிருவான்னு நெனச்சேன். அவன் ஓடல. என் பேரைச் சொல்லிக்கிட்டே திரும்பினான். கையில துப்பாக்கி. எனக்குத் துப்பாக்கிதான் தெரிஞ்சுது, மூஞ்சி தெரியல. வெறுங்கையோட திரும்பியிருந்தா நான் விசையைத் தொட்டிருக்கவே மாட்டேன். கடவுள் சாட்சியா தொட்டிருக்க மாட்டேன்.”

“தெரியும்.”

“அப்புறந்தான் எடுத்துப் பாத்தேன். நான் உனக்கு வித்தது.” வெண்டெல் கோலை மாற்றிப் பிடித்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். “ஷெரீஃப் ஆளு வந்து கேப்பான். எப்பவோ திருடு போச்சு, நான் கவனிக்கலன்னு சொல்லிடு. அதோட முடிஞ்சுது. யாரும் உன்னைத் தோண்ட மாட்டாங்க.”

இவ்வளவு பெரிய அடி பட்ட பிறகும், மெழுகிவிடுவதற்கு ஒரு வழி எங்கள் ஆட்களுக்குக் கிடைத்துவிடுகிறது. அவர் அவளுக்காகத்தான் சொன்னார், தனக்காகவும் சொன்னார். திருட்டுத் துப்பாக்கியோடு வந்த திருடனைச் சுட்டோம் என்றால் கொஞ்சம் தூக்கம் வரும்.

வெர்னா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

“திருடு போகல, வெண்டெல். சூப் குடுத்து, ரெண்டு குழலையும் எடுத்துக் குடுத்து, நான்தான் அனுப்பிவச்சேன்.”